ஒட்டகம் என்ன சொல்லும்?

கத்தி தொண்டைக்குழிக்கு வந்து சேர்ந்த நேரம் பார்த்துத்தானா இந்த ஒட்டகம் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்று தில்லைநாயகம் நினைத்தார். நினைக்க மட்டும்தான் முடிந்தது. எச்சில் விழுங்கக்கூட வழியில்லை. கத்தி ஆரோக்கியத்தின் கையில் இருந்தது, ஆரோக்கியமோ பேசிக்கொண்டே சிரைக்கிற ஆள், பேச்சு சூடு பிடித்தால் கத்தியும் கூடச் சேர்ந்து அபிநயம் பிடிக்கும். "அசையாதீங்க சார், இந்த மச்சத்தை மட்டும் சுத்திட்டுப் போயிடறேன்" என்றார் ஆரோக்கியம். சரி, மச்சம் பிழைத்தது, ஒட்டகத்தை யார் சுற்றிக்கொண்டு போவது? எதிரே கண்ணாடி, கண்ணாடிக்குள் தன் மூஞ்சி, ஒரு கன்னம் சிரைத்து முடிந்து மாம்பழம் மாதிரி பளபளவென்று, மறு கன்னம் நுரை அப்பிப் பஞ்சு மூட்டையாக, மூஞ்சிக்குப் பின்னால் சலூன் வாசல், வாசலுக்குப் பின்னால் திண்டுக்கல் கடைவீதி, வீதிக்கு அந்தப்பக்கம் மச்சான் வீரபத்திரனின் புதுத் துணிக்கடை, எல்லாமே இடம் வலம் மாறி, பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. வாழைமரம் கட்டியாயிற்று, ரிப்பன் கட்டியாயிற்று, குழாயில் நாதஸ்வரம் போட்டாயிற்று. ரிப்பனுக்கு அந்தப்பக்கம் படிக்கட்டு ஓரமாக வரிசையாகப் பொம்மைகள், ஆள் உயரத்துக்கும் மேலே, யானை, மயில், குதிரை, கடைசியாக ஒட்டகம். உள்ளே வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி வாயைத் திறந்து வரவேற்புச் சொல்லப்போகிற பொம்மைகள். அந்த நான்கு வாயிலும் வார்த்தையை ஊட்டியவர் தில்லைநாயகம்தான். கோயம்புத்தூரில் நூல் மில் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதி எழுதியே நரைத்து ஓய்வு பெற்ற மனிதருக்கு நாலு பொம்மையைப் பேச வைப்பது ஒரு வேலையா? வேலையே இல்லை. ஆனால் ஒட்டகத்துக்கு வரவேற்பு எழுதினோமா, எழுதவில்லையா? காலையில் தங்கை அம்சவேணி இவர் தாடையைப் பார்த்து, "அண்ணே, இந்த முள்ளம்பன்றி மூஞ்சியோடயா போட்டோவுக்கு நிக்கப் போறே? எதுத்தாப்பல சலூன் இருக்கு, ஓடு, ரிப்பன் வெட்டறதுக்குள்ள வந்துடு" என்று விரட்டியபோது மனசில் ஒரு நெருடலும் இல்லாமல் விசிலடித்துக்கொண்டுதானே ரோட்டைத் தாண்டி வந்தார். இப்போது வெள்ளைத் துணியைக் கழுத்துவரை கட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாழைக்காய் மாதிரி தொண்டையை நீட்டிக் கொடுத்துவிட்ட பிறகு, எழுதினோமா, இல்லையா?

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை, அது சூரியன் கிழக்கில் உதிப்பது மாதிரி. கடை வாசலில் ஒரு கேமராக் கண் வைத்திருக்கிறது, சுண்டைக்காய் அளவு, ஆள் வருவதைப் பார்த்ததும் அது பொம்மையைக் கூப்பிட்டு, வரவேற்புச் சொல்லு என்னும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தன் எதிரே நிற்பது யானையா மயிலா, தும்பிக்கை இருக்கிறதா தோகை இருக்கிறதா, எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை கிடையாது. கூப்பிடுவது மட்டும் அதன் வேலை, பதில் சொல்வது எதிராளியின் பாடு. யானை தன் மடியைத் தடவிப் பார்க்கும், சொந்தமாக ஒரு வரவேற்பு இருந்தால் அதைச் சொல்லும். இல்லாவிட்டால் தனக்கு மேலே இருக்கிற 'நாலுகால்' வம்சத்தைக் கேட்கும். நாலுகாலின் மடியிலும் இல்லாவிட்டால் அதற்கும் மேலே ஆதிமூலமாக உட்கார்ந்திருக்கும் 'பொம்மை'யைக் கேட்கும். புரோகிராம்காரர்கள் இதைக் கிளாஸ் என்பார்கள், தில்லைநாயகம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே வம்சம் என்றுதான் சொல்வார், அதிகாரிகளே கடைசியில் அப்படிச் சொல்லப் பழகிவிட்டார்கள், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர்கூட ஊருக்குப் போய் தன் கம்பெனியில் வம்சம் வம்சம் என்றே பேசினாராம், இது இவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஆனால் சங்கதி உண்மைதானே? இவருடைய தும்மலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தும்மு தும்மினால் பரணில் இருக்கிற அண்டா முனகும். இது இவர் கற்றுக்கொண்டதா? மூக்கு கூப்பிட்டது, இவர் மடியில் சொந்தத் தும்மல் இல்லை, அப்பாவிடம் போனால் அவர் தும்மல் எலி மாதிரி, அம்மா வழியாக மேலே ஏறிச் சடையாண்டித் தாத்தாவிடம் போய்த்தான் அந்தத் தும்மல் வருகிறது, தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, தும்மல் மட்டும் இன்னும் கூப்பிட்டால் வருகிறது. கரப்பான் மேலே விழுந்தால் போடுகிற கூச்சல் அம்மாவுடையது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது அப்பா. பொய் மட்டும் சொந்தத் தயாரிப்பு, அதில் யாருக்கும் பங்கில்லை. ஐயோ, இப்போது தும்மல் வந்துவிடக் கூடாது. தும்மலை நினைத்ததும் மூக்குக்குள்ளே ஒரு எறும்பு நடக்கிறது பார். வேறு எதையாவது நினை. தாத்தாவை நினைக்காதே. தாத்தாவை நினைத்தால் மச்சான் ஞாபகம் வரும்.

வந்துவிட்டது. கண்ணாடிக்குள் வீரபத்திரன் தெரிகிறான், பட்டுச் சட்டை, பட்டு வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை, வழுக்கையில் வெயில் விழுந்து அங்கே ஒரு குட்டிச் சூரியன். தங்கையைக் கட்டியவன் என்ற முறையிலும் மச்சான், தாய்மாமன் மகன் என்ற முறையிலும் மச்சான், டவுசர் கிழிந்த காலத்திலிருந்து கூட்டாளி, சடையாண்டித் தாத்தா இவருக்கு அம்மாவைப் பெற்றவர், அவனுக்கு அப்பாவைப் பெற்றவர். அந்தத் தாத்தாவால்தான் வந்தது வினை. தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் நீராவி ரோடு ரோலர் ஓட்டியவர் என்பது அம்மா சொன்னது. கொடைரோடு பக்கம் ரோடும் தண்டவாளமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு நாள் ரயிலை முந்திவிட்டார் என்பதும் அம்மா சொன்னது. மீதியெல்லாம் தில்லைநாயகம் பார்த்துச் சேர்த்தது. ரயில் டிரைவர் கேலியாக விசில் ஊதியது, தாத்தா மீசையை ஒரு முறுக்கு முறுக்கி நீராவியைத் திறந்துவிட்டது, ரோலர் சக்கரத்தில் பொறி பறந்து வழியில் இருந்த சோளக்கொல்லை மொத்தமும் பொரியாகப் பொரிந்தது, அம்பாத்துரை கேட்டில் கேட்கீப்பர் ரயிலை நிறுத்திவிட்டு ரோலருக்கு வழிவிட்டது, பாசஞ்சர் ஜனங்கள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசியது. சொல்லச் சொல்ல ரயிலுக்கும் பெட்டி கூடிக்கொண்டே போனது. மருமகன் இளங்குமரனின் கல்யாணப் பந்தியில், பெண் வீட்டார் வரிசையாக உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்க, துண்டு வீசுகிற கட்டத்தில், மாப்பிள்ளையைப் பெற்றவன் என்ற தோரணையில் பந்தி விசாரித்துக்கொண்டு வந்த வீரபத்திரன் நின்றான். "என்ன மச்சான், தாத்தா எங்க ரோலர் ஓட்டினாரு? ரோலருக்கு முன்னாடி செவப்புக் கொடியைப் புடிச்சுக்கிட்டு நடந்தவருல்ல அவரு?" பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தியம்மாளுக்குப் பாயசம் மூக்கு வழியாக வந்தது. தில்லைநாயகம் இலையை மடிக்காமல் எழுந்தார், அத்தோடு பேச்சு நின்றது.

நின்றது என்றால் எப்படி நின்றது? வீட்டுக்குப் போவார், வருவார், ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து காபி குடிப்பார்கள், பேச்சு மட்டும் அம்சவேணி வழியாகத்தான் போக வேண்டும். "அம்சா, வாசல்ல ஒட்டகம் ஒண்ணும் வேணும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு." "அம்சா, இந்த ஊர்ல ஒட்டகம் எதுக்காம்னு கேளு." "இந்த ஊர்ல இல்லாததாலதான் பாக்க வருவாங்கன்னு சொல்லு." "நல்லா இருக்கு, அப்ப திமிங்கலமும் வச்சிடலாமான்னு கேளு." அவள் பூண்டு உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? பெறகு நான் எதுக்கு?" என்பாள். என்றாலும் அவள் தலைமேலே போய்த்தான் வார்த்தை அந்தக் கரையில் இறங்கும். நேற்று சாயங்காலம் வீரபத்திரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, குரல் கொஞ்சம் பிசகி, "நாளைக்கு ரிப்பன் வெட்டையில பக்கத்துல வந்து நிக்கச் சொல்லு உங்க அண்ணனை" என்றான். அம்சவேணி பூண்டை வைத்துவிட்டாள். வழியனுப்ப வாசலுக்கு வந்தவள், "அண்ணே, நாளைக்கு அவரு உன்கிட்ட நேரா பேசிடுவாரு பாரு, எனக்குத் தெரியும், நீ ஒண்ணும் ஏடாகூடமா பண்ணிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். நான் என்ன பண்ணப் போறேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அந்த நெஞ்சு இப்போது வெள்ளைத் துணிக்குக் கீழே ரோடு ரோலர் மாதிரி அடித்துக்கொள்கிறது.

ஏடாகூடம் ஆதிமூலத்தில் இருக்கிறது. தில்லைநாயகத்துக்கு ஒரு தொழில் பழக்கம். வம்சத்தின் உச்சியில் இருக்கிறவன் மடியை அவர் காலியாக விடமாட்டார், அங்கே ஒரு கிறுக்குத்தனத்தை வைப்பார். கீழே ஒரு பிள்ளை சொந்தப் பதில் இல்லாமல் வெறுமனே நின்றால், கூப்பிட்ட குரல் மேலே ஏறி அந்தக் கிறுக்குத்தனத்தை வெளியே கொண்டுவரும், அது வந்தால்தானே இவருக்கு விஷயம் தெரியும்? மில்லில் ஒருமுறை ஒரு நூற்பு இயந்திரம் நட்டநடு ஷிப்டில் 'எனக்குப் பசிக்குது' என்று பலகையில் எழுதிக்காட்டி, ஃபோர்மேன் பயந்துபோய் அதற்கு வடை வாங்கி வைத்தார், அது வேறு கதை. இந்தப் பொம்மை வேலையைத் தொடங்கியபோது மச்சான் மேல் இருந்த கடுப்பில், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சொந்தக் குரலில், கணீரென்று பதிவு செய்து உச்சிப் பொம்மையின் வாயில் வைத்தது இதுதான்: "வாங்க வாங்க! எங்க தாத்தா ரோடு ரோலர்ல ரயிலை முந்தினவரு! நம்பாதவனுக்கு இந்தக் கடையில துணி கிடையாது!" கடை முதலாளி, ரோஜா மாலையோடு, ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு, முதல் ஆளாகப் படியேறுகிறபோது ஒட்டகம் அவன் வழுக்கைக்கு மேலே குனிந்து இதைச் சொன்னால்? இன்னொரு இலை மடிக்கப்படாமல் கிடக்கும். இந்த முறை எழுவது அவன். அம்சவேணி பூண்டு உரிப்பாள், ஆயுசு முழுக்க, ஒரு அண்ணன் வார்த்தையை எடுத்து ஒரு புருஷன் காதில் போட்டுக்கொண்டு.

இரு, இரு. அவசரப்படாதே. எழுதினோம்! எழுதினோமே! ஒட்டகத்துக்குச் சொந்தமாக வரவேற்பு உண்டு, அடித்தொண்டையில், "பாலைவனத்துலேர்ந்து பட்டு வாங்க வந்தேன், நீங்களும் வாங்க" என்று, அதற்கு அந்தக் கீழுதட்டை எப்படித் தொங்கவிடுவது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினாரே, பெயின்டர் ஷெட்டில் ஒட்டகம் பாதி மஞ்சளாக நிற்கையில் கணினியில் கூப்பிட்டுப் பார்த்தார், அழகாகச் சொன்னது, பெயின்டர்கூடக் கை தட்டினார். உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. மேலே ஓடுகிற மின்விசிறி இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது. நுரையின் எலுமிச்சை வாசனை, வானொலியில் யாரோ விவசாயத்துக்கு உரம் பற்றிப் பேசுவது, ஆரோக்கியத்தின் சுண்டுவிரல் காதுமடலில் பட்டுக் கூச்சம் காட்டுவது, எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. "சார் சிரிக்காதீங்க, கன்னம் ஓடுது" என்றார் ஆரோக்கியம். "எதுத்தாப்பல கடை உங்க சொந்தக்காரரா சார்?" ம்ம் என்றார், தொண்டையாலேயே. "எத்தனை பேரு வந்திருப்பாங்க? ஊரே வந்திருச்சு போலருக்கே."

எத்தனை பேர்.

மின்விசிறி மறுபடி காணாமல் போனது. எத்தனை பேர். அட கடவுளே. போன வாரம் வீரபத்திரன் அம்சவேணி வழியாக ஒரு ஆசை சொல்லி அனுப்பினானே, தனியாக ஒரு ஆள் வந்தால் 'வாங்க', குடும்பமாக வந்தால் 'எல்லாரும் வாங்க' என்று பொம்மை சொல்ல வேண்டும் என்று. நல்ல யோசனை, மச்சானுக்கு எப்போதாவது வரும். அதற்காக வாசல் கண்ணை மாற்றினார், இனிமேல் கூப்பிடும்போது வெறுங்கையோடு கூப்பிடாதே, எத்தனை தலை என்று எண்ணிக் கையில் கொடுத்துக் கூப்பிடு என்று. யானையை மாற்றினார், கையில் கொடுப்பதை வாங்கிக்கொள் என்று. மயிலை மாற்றினார். குதிரையை மாற்றினார். உச்சிப் பொம்மையைக்கூட மாற்றினார், கடனே என்று. ஒட்டகம் அன்றைக்குப் பெயின்டர் ஷெட்டில் இருந்தது. கண்ணில் படாதது கருத்தில் எப்படிப் படும்? ஒட்டகம் இன்னமும் வெறுங்கையோடு கூப்பிட்டால் மட்டும் எழுந்து வருகிற ஆள். இவரும் ஷெட்டில் கணினியிலிருந்து வெறுங்கையோடுதானே கூப்பிட்டுப் பார்த்தார், எழுந்து வந்தது, கை தட்டு வாங்கியது. வாசல் கண் இப்போது தலைக்கணக்கை நீட்டிக்கொண்டு கூப்பிடும். இயந்திரத்துக்கு அது வேறு கூப்பாடு, இது வேறு ஆள். ஒட்டகத்தின் மடியில் அந்த அழகான வரவேற்பு பத்திரமாக இருக்க, அதைத் தொடாமல், அதன் பக்கத்தில் உரசிக்கொண்டே குரல் மேலே போகும். நாலுகாலிடம் போகும், அங்கே ஒன்றுமில்லை. ஆதிமூலத்திடம் போகும். ஆதிமூலம் தயாராக இருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொண்டு, தில்லைநாயகத்தின் குரலில்.

"ஆ" என்றார். "வலிக்குதா சார்?" "ம்ஹும்." "பெறகு என்ன சார், ஆடாதீங்க, மீசையோரம் இருக்கு." கால் கட்டைவிரல் மட்டும் சொந்த முயற்சியில் செருப்பைத் தேடியது. துணிக்குள்ளே பாக்கெட்டில் தொலைபேசி உறுமியது, அம்சவேணிதான், வேறு யார், நிற்காமல் உறுமுகிறது, தொடையெல்லாம் அதிருகிறது, எடுக்கக் கை இல்லை. கண்ணாடிக்குள் வீரபத்திரன் கத்திரிக்கோலைக் கையில் வாங்கிவிட்டான். வாங்கியவன் வெட்டவில்லை. கழுத்தை நீட்டி வலப்பக்கம் பார்க்கிறான், இடப்பக்கம் பார்க்கிறான், கூட்டத்துக்கு மேலே பார்க்கிறான். என்னைத்தான் தேடுகிறான். மொட்டைப் பயல், என்னைத்தான் தேடுகிறான், இத்தனை வருஷமாக ஜன்னலையும் சுவரையும் காபி டபராவையும் பார்த்துக்கொண்டிருந்த கண் என்னைத் தேடுகிறது, நான் இங்கே பாதி மாம்பழமும் பாதி பஞ்சுமாகக் கிடக்கிறேன். பூஜைக்கு வந்த ஐயர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். வீரபத்திரன் தலையாட்டினான், அவ்வளவு சந்தோஷமாக ஆட்டவில்லை, ரிப்பனை வெட்டினான். கைதட்டல் ரோட்டைத் தாண்டி வந்து சலூன் சீப்புகளின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் தில்லைநாயகத்துக்கு, சம்பந்தமே இல்லாமல், மருமகன் இளங்குமரன் பிறந்த நாள் ஞாபகம் வந்தது. புரோகிராம்காரர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு, ஒரு பிள்ளைக்குத் தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் ஒரே மூதாதை வந்து சேர்ந்தால், கவனமில்லாத இயந்திரம் அந்த மூதாதையை இரண்டு பேராக்கி வைத்துவிடும், பெயர் ஒன்று, ஆள் இரண்டு, கூப்பிட்டால் எவரைக் கூப்பிட்டாய் என்று திகைத்து நிற்கும். வெளிநாட்டுக்காரர்கள் இதைப் புத்தகத்தில் படித்துத் தலையைச் சொறிவார்கள், நம் வீடுகளில் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டு தொட்டிலிலேயே போட்டு ஆட்டுகிறோம். இளங்குமரனுக்கு அம்மா வழியிலும் சடையாண்டி, அப்பா வழியிலும் சடையாண்டி. ஒரு சடையாண்டி ரோலர் மேலே உட்கார்ந்து மீசையை முறுக்குகிறார், இன்னொரு சடையாண்டி ரோலருக்கு முன்னால் கொடியோடு நடக்கிறார். அந்த ரோலர் ஏறி இந்தத் தாத்தா நசுங்காமல் இருந்தது பெரிய விஷயம். இரண்டு பேரையும் ஒரே ஆளாக்க ஒரு வழியும் தெரியாமல்தானே நாங்கள் பேச்சை நிறுத்தினோம்?

யானை பிளிறியது. அப்பா, என்ன கம்பீரம். "எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க!" கூட்டம் ஓ என்றது. பார், தலையை எண்ணிவிட்டது, நம்ம கைவேலை. பயத்துக்கு நடுவிலும் ஒரு பெருமை வந்து எட்டிப் பார்த்தது, இந்த மனசுக்கு வெட்கமே கிடையாது. வீரபத்திரன் அடுத்த படி. மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டு கீச்சுக் குரலில் சொன்னது, ஒரு குழந்தை வீரிட்டது. "ஆரோக்கியம், கொஞ்சம் எந்திரிச்சிக்கிறேனே" என்று சொல்ல நினைத்தார், மேலுதட்டின் மேல் கத்தி இருந்தது, 'ஆ' வரைதான் போனது. குதிரை கனைத்தது. குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே மூன்று எட்டு இருக்கும், மச்சானுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் ஏறுவான், ஏறு, மெதுவாக ஏறு, பாதியில் நின்று யாரிடமாவது பேசு, இந்த ஊரில் உனக்குத் தெரியாதவனா இருக்கிறான், மின்சாரமே, போயேன், நாள்தோறும் போகிறாயே, இன்றைக்கு மட்டும் என்ன கடமையுணர்ச்சி? கண்ணாடிக்குள் ஒட்டகம் கழுத்தை வளைத்தது. கீழுதடு தொங்கியது, பழகிய அழகோடு. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வாங்க வாங்க! எங்க தாத்தா ரோடு ரோலர்ல ரயிலை முந்தினவரு! நம்பாதவனுக்கு இந்தக் கடையில துணி கிடையாது!"

சே, என்ன கணீரென்ற குரல். நாதஸ்வரம்கூட மூச்சு வாங்க நிறுத்தியது. ஆரோக்கியத்தின் கத்தி அந்தரத்தில் நின்றது. "சார், அது உங்க குரல்ல?" என்றார். தில்லைநாயகம் கண்ணைத் திறக்கவில்லை. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பத்துச் சிரிப்பு, பிறகு மொத்த வீதியும், அந்தக் கல்யாணப் பந்தியை விடப் பெரிதாக. போயிற்று. பக்கத்தில் நிற்கச் சொன்னவனை ஊர் நடுவே நிற்க வைத்துவிட்டேன். ஒரு பஸ் பிரேக் அடிக்கும் சத்தம், ஓட்டுநர் யாரையோ வையும் சத்தம், பட்டு வேட்டி சரசரக்கும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், ரோஜா வாசனை. கண்ணைத் திறந்தால் சலூன் வாசலில் வீரபத்திரன், மாலையோடு, கையில் இன்னும் அந்தக் கத்திரிக்கோலோடு. அவன் கையில் கத்திரிக்கோல், ஆரோக்கியம் கையில் கத்தி, நடுவில் வெள்ளைத் துணியில் கட்டின கழுத்து.

"டேய்!" என்றான் வீரபத்திரன்.

தில்லைநாயகத்துக்குச் சந்தேகம். இவர் பக்கம் திரும்பிச் சொன்னானா, ஆரோக்கியத்தைச் சொன்னானா?

"உன்னத்தாண்டா. என்ன பேச்சு பேசுது அந்த ஒட்டகம்? ரயிலாம்ல ரயிலு. அது கூட்ஸ் வண்டிடா!"

"என்னது?" நுரைக்குள்ளிருந்து வந்தது குரல்.

"கூட்ஸ் வண்டி. அதுவும் நின்னுக்கிட்டிருந்த கூட்ஸ் வண்டி. அம்பாத்துரையில தண்ணி புடிக்க நிப்பாட்டியிருந்தான். எங்கப்பா சின்னப் புள்ளையில கண்ணால பாத்திருக்காரு."

தில்லைநாயகம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். வெள்ளைத் துணி மடியில் சரிந்தது. "அப்ப முந்தினாரு."

"நிக்கிற வண்டியை முந்தறது ஒரு முந்தறதாடா?"

"அது நிக்கிதுன்னு தாத்தாவுக்கு எப்படித் தெரியும்? ஓட்டறவரு ரோட்டைத்தானே பாப்பாரு."

"எங்க ஓட்டினாரு? ஓட்டறவன் டீ குடிக்கப் போயிட்டான். இவரு கொடியைக் கக்கத்துல சொருகிக்கிட்டு, சும்மா உக்காந்து பாப்பமேன்னு ஏறி உக்காந்து எதையோ திருகிட்டாரு. அது கெளம்பிருச்சு. நிப்பாட்டத் தெரியல. அதான் முந்திட்டாரு. முழு வண்டியையும் முந்தி, ஸ்டேஷனையும் முந்தி, புளிய மரத்துல முட்டித்தான் நின்னுச்சு."

கக்கத்தில் கொடி. மேலே ரோலர். ஒரே ஆள். தில்லைநாயகத்தின் மண்டைக்குள் இத்தனை வருஷமாக ஒன்றுக்கு முன்னால் ஒன்று போய்க்கொண்டிருந்த இரண்டு தாத்தாக்களும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, கலந்து, ஒரு மீசை, ஒரு கொடி, நிறுத்தத் தெரியாத ஒரு முழி என்று ஆகிவிட்டார்கள். இவர் சேர்த்த சோளப்பொரியைவிட இது எவ்வளவு நல்ல கதை. இதை வைத்துக்கொண்டா இவன் இத்தனை நாள் வாயை மூடியிருந்தான்?

"இதை ஏண்டா அன்னிக்குப் பந்தியில சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட? சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். கொடி புடிச்சவருன்னு ஆரம்பிச்சேன், நீதான் எலையை மடிக்காம எந்திரிச்சு ஓடிட்டியே. பாதிக் கதையில ஓடறவன்கிட்ட மீதிக் கதையை யாரு தூக்கிக்கிட்டு ஓடறது?"

"புளிய மரம் என்ன ஆச்சு சார்?" என்றார் ஆரோக்கியம், கத்தியைத் துண்டில் துடைத்துக்கொண்டே.

"அது ரெண்டா பொளந்து," என்று தில்லைநாயகம் தொடங்கினார்.

"பொளக்கல, சாஞ்சுச்சு," என்றான் வீரபத்திரன்.

"பொளந்துச்சுடா, முந்தறவன் வேகத்துக்குச் சாயறதோட விடுமா? பழமெல்லாம் உதுந்து கூட்ஸ் வண்டி நெறைஞ்சு போச்சு."

"அடேய், அதைத்தான் நான்..." என்று வீரபத்திரன் கத்திரிக்கோலை நீட்டினான், கோபத்தில் இல்லை, உள்ளே சிரிப்பு திரண்டுகொண்டிருந்தது. எதிர்க்கடையில் யாரோ இறங்கி மறுபடி ஏறியிருக்க வேண்டும், கணீரென்று மறுபடி கேட்டது, வாங்க வாங்க, எங்க தாத்தா, கூட்டம் கூடவே சொன்னது, ரயிலை முந்தினவரு. "மாத்தணும்டா அதை" என்றான். "மாத்திடறேன்" என்றார் தில்லைநாயகம். "கூட்ஸ் வண்டின்னு மாத்து. துணி கிடையாதுங்கறதை எடுத்துடு, வெளங்கிடும் யாபாரம்." "நின்னுக்கிட்டிருந்ததுன்னு சொல்ல மாட்டேன்." "சொல்லணும்." "சொல்ல மாட்டேன்டா."

அப்போதுதான் அம்சவேணி வந்து சேர்ந்தாள், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைப்பூ சரிந்து, கையில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த தொலைபேசியோடு. உள்ளே பார்த்தாள், நீட்டிய கத்திரிக்கோல், பாதி நுரை. முகமெல்லாம் வெளிறிவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து கையை விரித்தாள்.

"என்னங்க, அண்ணன்கிட்ட என்ன சொல்லணுமோ என்கிட்ட சொல்லுங்க, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா," என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில், ஒரே எரிச்சலோடு, "பேசிக்கிட்டிருக்கோம்ல!"

அம்சவேணி விரித்த கையை மடக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். புளிய மரம் பொளந்ததா சாய்ந்ததா என்று அவள் தலைக்கு மேலேயே வாக்குவாதம் மறுபடி தொடங்கிவிட்டது, அவளைத் தொடாமலே போய் வந்துகொண்டிருந்தது. அவள் மெல்ல நகர்ந்து, காலியாக இருந்த இன்னொரு சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள்.

"பேசுங்க," என்றாள். "நான் இப்படிக் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."